முதல் நாளே தூங்கிவிட்டான்

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து ஒரு கட்டில் போயிற்று. என் மகன் ஆதவின் சின்ன வயதுக் கட்டில். அவனுக்கு இப்போது ஒன்பது வயது, படுத்தால் கால் கட்டையில் இடிக்கிறது. நாங்கள் இருக்கிற இந்த ஜெர்மன் ஊரில் பழைய சாமானைப் படம் எடுத்து, ‘சும்மா தருகிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இணையத்தில் போட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து மணியடிக்கும். ருமேனியாவிலிருந்து குடியேறிய ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பையன் என் கணவர் சுரேஷோடு தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களைக் கழற்றினான். அவன் மனைவி இடுப்பில் குழந்தையோடு என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் எனக்கும் ஒரே அளவு ஓட்டை ஜெர்மன்தான். அதனால் இரண்டு பேரும் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டோம். கிளம்பும்போது கேட்டாள், “உங்கள் பையன் இதில் நன்றாகத் தூங்கினானா?”

“முதல் நாளே தூங்கிவிட்டான்” என்றேன்.

ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பொய். யோசிக்கவே வேண்டியதில்லை, தானாக வருகிறது. சுரேஷ் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓசூர், மத்திகிரி, கிருஷ்ணகிரி என்று எங்கிருந்து யார் போன் போட்டாலும், கைக்குழந்தை வைத்திருப்பவளாக இருந்தால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும்: “பிள்ளையைக் கூடப் படுக்க வைக்கலாமா, தனியாப் படுக்க வைக்கணுமா? அங்கெல்லாம் எப்படி?” வெளிநாட்டில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று உங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்து நன்றாகப் பெரியமனுஷி வேஷம் போட்டவள் நான். என்ன நடந்தது என்பதையும் நானேதான் எழுத வேண்டும்.

2

நானும் என் தங்கை மஞ்சுவும் வளர்ந்தது மத்திகிரியில், ஒற்றை அறை வாடகை வீட்டில். அப்பா ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. சமைத்து முடித்த இடத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே பாய் போடுவோம். சுவரோரம் நான், அடுத்து அம்மா, அடுத்து மஞ்சு, கதவுப் பக்கம் அப்பா.

எல்லாரும் ஒன்றாகப் படுத்தோம், ஆஹா என்ன அன்பு என்றெல்லாம் எழுதப்போவதில்லை. கோடையில் வேர்வை நாற்றம் தாங்காது. மஞ்சு தூக்கத்தில் உதைப்பாள். அப்பா வேலை முடிந்து வந்து என் காலை மிதித்துக்கொண்டு போவார். இதையெல்லாம் மறந்துவிடலாம். மறக்க முடியாதது ஒன்றுதான். அம்மா மஞ்சு பக்கம் திரும்பித்தான் படுப்பாள். சின்னவள் பயப்படுவாளாம். எனக்கு எப்போதும் அம்மாவின் முதுகு. அந்த முதுகில் இருந்த மச்சம் எத்தனை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஒரு நாளாவது இந்தப் பக்கம் திரும்பேன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்து, விமானம் ஏறிவிட்டேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எனக்கு மஞ்சு மேல் பாசம் உண்டு. அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் பாசம் மட்டும்தான் உண்டு என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

3

ஜெர்மனிக்குக் குடும்ப விசா வேண்டும் என்றால், ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் இடம் வீட்டில் இருக்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். எனக்காகவும் பதினான்கு மாதக் குழந்தைக்காகவும் சுரேஷ் முன்னாலேயே வீடு பிடித்து, வரைபடத்தை அலுவலகத்தில் கொடுத்திருந்தார். அதில் ஓர் அறைக்குக் ‘குழந்தை அறை’ என்று பேர். நாங்கள் வந்து சேர்ந்ததும் குழந்தை அறையில் அரிசி மூட்டையையும் சூட்கேஸ்களையும் படுக்க வைத்தோம். குழந்தை எங்கள் நடுவில் படுத்தான். என்றைக்காவது அதிகாரி யாராவது வந்து அறையைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

குழந்தை டாக்டர் ஒரு தடவை, “எங்கே தூங்குகிறான்?” என்று கேட்டார். நான்கு மாத ஜெர்மனை வைத்துக்கொண்டு நான், “எங்கள் மேல்” என்று சொல்லித் தொலைத்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சுரேஷ் அவசரமாக, “நடுவில், நடுவில்” என்று திருத்தினார். டாக்டர் சிரித்து, அது உங்கள் விருப்பம் என்றார். இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரர்கள் மிரட்டிப் பிள்ளையைப் பிரித்தார்கள் என்று கதை கட்ட வழியே இல்லை. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

மழலையர் பள்ளியில் ஒரு நாள், உன் கட்டிலை வரைந்து காட்டு என்றார்களாம். ஆதவுக்கு மூன்று வயது முடியவில்லை. வட்டமும் கோடும்தான் வரும். கட்டிலில் மூன்று வட்டம் போட்டு அப்பா, நான், அம்மா என்றிருக்கிறான். மற்ற பிள்ளைகளின் படத்தில் ஒரு வட்டம்தான், மிஞ்சிப்போனால் ஒரு கரடிப் பொம்மை. எல்லாப் படத்தையும் கதவில் ஒட்டியிருந்தார்கள். டீச்சர் அன்பாகத்தான் கேட்டாள், “வீட்டில் இன்னோர் அறை இல்லையா?” எனக்கு முகம் எரிந்தது. எங்கள் ஒற்றை அறை வீட்டை யாரோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வாரமே கட்டில் வாங்கினோம்.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவேன். வெளியே, நடையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் அம்மா என்று மட்டும் கத்தினான். இரண்டாம் நாள், “அம்மா, ஆதவ் நல்ல பையன், அம்மா, ஆதவ் சமத்து” என்றான். சோறு ஊட்டும்போது நான் சொல்கிற வார்த்தைகள். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கதவு இடுக்கு வழியாக எனக்குக் கொடுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தான். துடைத்து, சட்டை மாற்றி, விரிப்பு மாற்றி, மறுபடி படுக்க வைத்து மறுபடி சாத்தினேன்.

“போதும் விடு, கூட்டிட்டு வா” என்றார் சுரேஷ்.

“நீங்க போய் டிவி பாருங்க” என்றேன்.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, “நீங்கள் செய்வதுதான் சரி, நானும் இப்படித்தான் வளர்த்தேன்” என்று தோளைத் தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்கு இரண்டு மகன்கள். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு காரில் வருவார்கள். காபி குடிப்பார்கள், விளக்கு வைக்குமுன் போய்விடுவார்கள். அதையும் நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்தான்.

ஒன்பது நாள் அழுதான். பத்தாம் நாள் சத்தமே இல்லை. தூங்கிவிட்டான் என்று கதவைத் திறந்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தான். என்னைப் பார்த்தான். கூப்பிடவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எல்லாரிடமும் சொன்னேன்: முதல் நாளே தூங்கிவிட்டான்.

4

போன வருடம் ஜூன் மாதம் மஞ்சு போன் செய்தாள். அவள் மத்திகிரியிலேயேதான் இருக்கிறாள். மொபைல் உதிரிபாகம் செய்யும் ஃபேக்டரியில் வேலை. அவள் கணவன் முனிராஜ் பாகலூர்க்காரன். தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் வேலை செய்கிறான். மகள் நிஷாவுக்கு அப்போது மூன்று வயது.

“அக்கா, இவளால அவருக்குத் தூக்கமே இல்லக்கா. நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து பகல்ல படுத்தா நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கறா. ராத்திரி வூட்ல இருந்தா நடுவுல குறுக்கப் படுத்து ஒதைக்கறா. நேத்து பிரஸ்ஸுல நின்னுகினே கண்ணு அசந்துட்டாராம். சூப்பர்வைசர் மெமோ குடுத்துட்டாரு. கை உள்ள இருந்திருந்தா போயிருக்கும்.”

“பின்னறை சும்மாதானே இருக்குது? அதுல ஒரு கட்டில் போட்டு தனியாப் படுக்க வை” என்றேன்.

“அழுவாளேக்கா. ஆதவ் எப்பிடிப் படுத்தான்?”

“முதல் நாளே தூங்கிட்டான்டி.”

“அழவே இல்லியா?”

“எதுக்கு அழறான்? நாம தைரியமா இருந்தா அதுங்களும் தைரியமா இருக்கும். நீதான் சும்மா செல்லம் குடுத்துக் கெடுக்கற.”

முனிராஜின் கையை நினைத்துத்தான் சொன்னேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அவள் பேசும்போதே பின்னால் நிஷா சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் குறுக்கே படுத்து, அப்பனையும் ஆத்தாளையும் உதைத்துக்கொண்டு மூன்று வயதுவரை ஒரு பிள்ளை. என் பிள்ளை வாந்தியில் படுத்திருந்தான். இவள் மட்டும் எல்லாவற்றையும் முழுசாக வைத்திருப்பாளா? அம்மா திரும்பிப் படுத்த பக்கம் என்றால் சும்மாவா? கொஞ்சம் அழட்டுமே என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். அவளை நான் அடக்கவில்லை.

‘அழுவாள், ஒன்பது நாள் அழுவாள், வாந்தி எடுப்பாள், தாங்க முடியாவிட்டால் விட்டுவிடு’ என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது.

5

அந்தக் கட்டில் யோசனையில் நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. ஜெர்மனியில் ஒரு கதவைச் சாத்தினால் அறைக்குள் இருக்கும் குழந்தைக்குப் போக்கிடம் கிடையாது. அழுது முடித்துத் தூங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மஞ்சு இருப்பதோ லைன் வீடு. ஒரே கூரையில் நான்கு குடித்தனம், இடையிடையே ஒற்றைச் செங்கல் சுவர். ஒவ்வொரு வீட்டின் பின்னறைக்கும் ஒரு பின்கதவு. அது துணி துவைக்கும் பொதுக் கல் இருக்கிற சந்தில் திறக்கும். தாழ்ப்பாள் குழந்தை கைக்கெட்டும் உயரத்தில்தான். அங்கே யாரும் அதைப் பெரிதாகப் போடுவதும் இல்லை.

அடுத்த வீடு ஷமீம் அக்காவுடையது. அவர் கணவர் பாத்திர வியாபாரி. இரண்டு பெண் பிள்ளைகள், எட்டும் ஆறும். மஞ்சுவும் முனிராஜும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போக வேண்டி வந்தால் நிஷாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

முதல் நாள் நிஷா முக்கால் மணி நேரம் அழுதாளாம். இரண்டாம் நாள் பத்து நிமிடத்தில் சத்தம் நின்றுவிட்டது. மஞ்சு சந்தோஷமாகப் போய்க் கதவைத் திறந்தால் கட்டில் காலி. பதறிப்போய்ச் சந்துக்கு ஓடியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷமீம் அக்கா குரல் கொடுத்தார்.

“மஞ்சு, பயப்படாதம்மா. பாப்பா இங்கதான் இருக்குது. வந்து புள்ளைங்க நடுவுல படுத்துகிச்சி.”

மறுநாள் மஞ்சு சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், “உன் ஐடியா வேல செஞ்சிடுச்சிக்கா. எங்க கிட்ட இல்லாம தூங்கறா. என்ன, பக்கத்து வூட்ல தூங்கறா, அவ்ளோதான்.” நானும் சிரித்தேன். முனிராஜ் மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினான். ஒரு வாரம் போகட்டும் என்றார்கள். ஒரு மாதம் போயிற்று. விட்டுவைப்பது வசதியாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

திரும்பக் கூட்டிவர முயன்றபோது பிள்ளை வரவில்லை. தூங்கும்போது தூக்கி வந்தால் விழித்ததும் வீடே அதிர அலறினாள். “தூங்கற எடத்துல தூங்கட்டும் விடு” என்றான் முனிராஜ். நவம்பரில் காய்ச்சல் வந்தபோது மஞ்சு லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நிஷா கண்ணை மூடிக்கொண்டு, “ஷமீமம்மா” என்று கூப்பிட்டாள். அப்புறம் ஷமீம் என்பதும் போய், வெறும் அம்மா என்றானது.

“அவ வாசன மாறிடுச்சிக்கா” என்று மஞ்சு போனில் அழுதாள். “தூக்குனா அவங்க வூட்டு வாசன வருது. என் புள்ளன்னு தோணல.”

ஒரு நாள் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். ஷமீம் அக்கா கோபிக்கவில்லையாம். “நான் கூப்புடலம்மா. அல்லா சாட்சி. ஆனா வந்து ஒட்டிப் படுக்கற கொழந்தய எழுப்பித் தள்ள எனக்குக் கை வரல” என்றாராம். மஞ்சு இதை என்னிடம் சொல்லிவிட்டு, “எங்க தப்பாப் போச்சிக்கா? உங்க ஆதவ் சரியாத் தூங்குனானே” என்று கேட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சரியாகத் தூங்கியவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆதவ் கெட்டுப்போகவில்லை. நன்றாகப் படிக்கிறான், மரியாதையாகப் பேசுகிறான். அவன் அறைக் கதவில் ‘தட்டிவிட்டு வரவும்’ என்று ஜெர்மனில் எழுதி ஒட்டியிருக்கிறான். தட்டிவிட்டுத்தான் போகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “நேத்து ராத்திரி எனக்குக் காய்ச்சல். இப்போ பரவால்ல” என்றான். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். “எதுக்கு?” என்றான். குத்திக்காட்டவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. கூடப் படுத்து வளர்ந்த நானும் மஞ்சுவும் ஒன்றும் தங்கக்கட்டிகள் ஆகிவிடவில்லை என்பதை இனி நீங்களே பார்ப்பீர்கள்.

6

இந்த மே மாதம் நான் மட்டும் இரண்டு வாரம் ஊருக்கு வந்தேன். மஞ்சுவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஷமீம் அக்கா குடும்பம் கிருஷ்ணகிரிக்குப் போகிறது, அங்கே அவர் மைத்துனரோடு சேர்ந்து கடை போடுகிறார்கள் என்றாள். “அவங்க போயிட்டா வேற எங்க போவா? தானா என் கிட்ட வந்துடுவா.” நிஷா வந்ததும் போட்டுக்கொள்ள ஒரு புது மெத்தை விரிப்பு வாங்கி வைத்திருந்தாள். பூப்போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டெம்போ வந்தது. பீரோவும் பாத்திர மூட்டைகளும் ஏறின. கடைசியாக மெத்தைச் சுருட்டுகளைப் போட்டு, அவற்றின் மேல் ஷமீம் அக்காவின் பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் நடுவில் நிஷா உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தலையணை, மடியில் ஒரு துணிக்கடைப் பை. அவள் துணிகளை அவளே எடுத்து அதில் திணித்திருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை நாளாகப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்து, தானும் போகிறோம் என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

மஞ்சு கையை நீட்டினாள். “எறங்கு பாப்பா. டாடா சொல்லிட்டு எறங்கு.”

“நான் அம்மாகூடப் போறன்.”

“அம்மா இங்க இருக்கறன்டி.”

நிஷா அவளைப் பார்த்தாள். பிறகு டெம்போவின் முன்பக்கத்தைக் காட்டி, “அந்த அம்மா” என்றாள்.

லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியேதான் நின்றிருந்தார்கள். ஷமீம் அக்கா இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கி மஞ்சுவிடம் கொடுக்கப் பார்த்தார். நிஷா அவருடைய முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டிரைவர் கன்னடத்தில், “பேக, பேக” என்று அவசரப்படுத்தினார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த முனிராஜ் சத்தம் கேட்டு எழுந்து வந்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கையைக் கடித்தாள். அவன் விடவில்லை. ஷமீம் அக்கா முகத்தை மூடிக்கொண்டு ஏறிவிட்டார்.

டெம்போ மெயின் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நிஷா கத்தினாள். திரும்பியதும் நிறுத்திவிட்டாள். அப்பன் கையிலிருந்து இறங்கி, கீழே விழுந்த தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்து போனாள். முனிராஜ் கொஞ்ச நேரம் கையைப் பார்த்தபடி நின்றுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

முன்னறையில் நானும் மஞ்சுவும் இருந்தோம். சோறு வடித்தது வடித்தபடி இருந்தது. அவள் அந்தப் பையிலிருந்து நிஷாவின் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

“மஞ்சு, ஆதவ் முதல் நாளு தூங்கலடி. ஒம்போது நாள் அழுதான். வாந்தி எடுத்தான். நான் உன்கிட்ட பொய் சொன்னன்.”

அவள் நிமிரவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்பிடித் தெரியும்? ஆதவ் சரியாத் தூங்குனானேன்னு நீதானே கேட்ட?”

“சுரேஷ் மாமா சொன்னாரு. நீ எங்கிட்ட பேசுன மறுநாளே போன் பண்ணாரு. ‘வேணாம் மஞ்சு, உங்க அக்கா பேச்சக் கேக்காத, புள்ள தாங்கல’ன்னாரு.”

“தெரிஞ்சுமா செஞ்ச? ஏன்டி?”

ஒரு கவுனின் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “நீ தாங்குனல்ல? நான் மட்டும் தாங்க மாட்டனான்னுதான்.”

அவள் என்னை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது? நான் அவள் பிள்ளையை அழவைக்கப் பார்த்தேன். அவள் எனக்குக் குறைந்தவள் இல்லை என்று காட்டத் தன் பிள்ளையைக் கொண்டுபோய் அறையில் போட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மஞ்சு எழுந்து பின்னறை வாசலில் போய் நின்றாள். நிஷா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“பாப்பா, வா. முன்னாடி வந்து அம்மா பக்கத்துல படுத்துக்கோ. இனிமே தெனமும் நடுவுலயே படுத்துக்கலாம். ஒதச்சாக்கூட திட்ட மாட்டன்.”

“வேணாம்.”

“அப்ப அம்மா இங்க வந்து படுத்துக்கட்டுமா?”

நிஷா திரும்பாமலேயே சொன்னாள்.

“நான் அழல. நீ கதவச் சாத்திக்கோ.”

மஞ்சு கதவில் கை வைத்தாள். கை நகரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வேலை எனக்குப் பழக்கம்தான். எழுந்து போய்ச் சத்தம் வராமல் சாத்தினேன்.